அளந்து ஊட்டும் கருவி

சென்னைத் தியாகராய நகரில், ஆர்க்காட்டுத் தெருவில், எம். ஜி. இராமச்சந்திரனின் நினைவு இல்லம் அமைந்துள்ளது. அங்கே அவர் பயன்படுத்திய பொருள்களோடு, டி. எம். எக்ஸ். 4777 என்னும் எண்ணைத் தாங்கிய அம்பாசிடர் கார் ஒன்றும் காட்சிக்கு வைக்கப்பெற்றிருக்கிறது. காண வருவோர் அதனைச் சுற்றி வந்து பார்க்கின்றனர். அவர்கள் அதன் முன்மூடியைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையில்லை. நின்றுவிட்ட வண்டிக்குத் துடைத்தலே பெரும்பணி. ஆனால், அதே காலத்து வண்டி ஒன்றைத் தெருவில் ஓட்டவும் விரும்புகின்றவர் முன்மூடியைத் திறந்தே ஆகவேண்டும். திறந்தால், காற்று வடிகட்டியை அடுத்து, ஒரு சிறு செம்பின் அளவுள்ள உலோகக் கருவி தோன்றும். அதுவே கார்புரேட்டர்.

இக்காலத்துக் கார்களில் அக்கருவி இல்லை. 2000-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாயின. அப்போது, மின்னணுக் கட்டுப்பாட்டின்கீழ் பெட்ரோலைப் பீச்சும் அமைப்பு அதன் இடத்தைப் பிடித்தது. 2020 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளுக்குப் பின், புதிய மோட்டார் சைக்கிள்களிலிருந்தும் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. அம்பாசிடர் கார் உற்பத்தியோ 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுபோயிற்று. வண்டலூரில் 1961 முதல் உருவாக்கப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகள் அதற்கும் நெடுநாள் முன்னரே நின்றன. எனினும், விடியற்காலையில் தெரு ஓய்ந்திருக்கும் வேளையில் இத்தகைய பழைய வண்டிகள் சில, சென்னைச் சாலைகளில் இன்றும் ஓடக் காணலாம். அவற்றை ஓடச் செய்வது, கார்புரேட்டரின் குறிப்பறிந்த ஒரு சிலரின் கைத்திறனே.

கார்புரேட்டரின் தொழில் யாது? பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது என்பர். இவ்விடை தவறன்று, ஆயினும் நிறைவானதும் அன்று. கலப்பது எளிய செயல். அளவறிந்து கலப்பதே அரிய செயல். ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 15 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். எடையாகச் சொல்லும்போது இது பெரிதாகத் தோன்றாது. கொள்ளளவால் நோக்கினால் வியப்பு உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றுத் தேவைப்படுகிறது. மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையில், ஒரு மீட்டர் உயரம் வரை நிறைந்துள்ள காற்று அது. அவ்வளவு காற்றினுள்ளும் ஒரு லிட்டர் பெட்ரோலைச் சிறு சிறு திவலைகளாக்கித் தூவ வேண்டும். வண்டி விரைந்தாலும், மெல்லச் சென்றாலும், நின்ற இடத்திலேயே நின்றாலும் அளவு பிசகாமல் தூவ வேண்டும்.

அளவு பிசகினால் விளையும் கேடு இருவகைப்படும். பெட்ரோல் மிகுந்தால், எரியாது எஞ்சிய பகுதி கரியாய்ப் படியும். நச்சுத்தன்மை வாய்ந்த கார்பன் மோனாக்சைடு வாயு பெருகும். சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெய்ப் பூச்சும் கழுவப்பட்டுத் தேய்மானம் மிகும். பெட்ரோல் குறைந்தாலோ, கலவை மெதுவாக எரியும், வெப்பம் கூடும், வால்வுகளின் விளிம்பு கருகும், சில வேளைகளில் தீ பின்னோக்கி வந்து கார்புரேட்டரின் வாயிலேயே வெடிக்கும். முன்னது செலவை மிகுவிக்கும். பின்னது எஞ்சினையே அழிக்கும்.

இவ்வளவு நுட்பமான அளவீட்டை ஒரு பழைய கருவி மின்னணு மூளை எதுவுமின்றி எவ்வாறு செய்கிறது? கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். பம்பின் தண்டைத் தள்ளினால் காற்று விரைந்து வெளிப்படுகிறது. அக்காற்று, மருந்துக் குப்பியிலிருந்து மேலெழும் சிறு குழாயின் வாயைக் கடந்து செல்கிறது. மருந்து மேலேறிப் புகைபோல் சிதறுகிறது. விரைந்தோடும் காற்றில் அழுத்தம் குறையும் என்பதே இதன் காரணம். பாய்மங்களின் இவ்வியல்பை டேனியல் பெர்னூலி 1738-இல் தம் நூலில் விளக்கினார். குறுகிய குழாயில் பாய்மம் விரைவதைப் பற்றி இத்தாலிய அறிஞர் வெஞ்சுரி 1797-இல் எழுதினார். கார்புரேட்டரின் நடுவே உடுக்கையின் இடைபோல் குறுகியிருக்கும் பகுதிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று அவ்விடையில் விரைகிறது, அழுத்தம் குறைகிறது. பக்கத்தில் மிதவை அறை என்னும் சிறு தொட்டியில் பெட்ரோல் நிற்கிறது. அதன் மேற்பரப்பை வெளிக்காற்றின் முழு அழுத்தமும் தாக்குகிறது. ஆகவே, பெட்ரோல் சிறு துளை வழியே உந்தப்பட்டு, காற்றோட்டத்தில் சிதறிக் கலக்கிறது. காற்று பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று பேச்சு வழக்கில் கூறினாலும், உண்மையில் பெட்ரோலைத் தள்ளுவது வளிமண்டலமே.

மிதவையுடன் கூடிய இத்தகைய தூவற் கருவியை ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபக் 1893-ஆம் ஆண்டில் உருவாக்கினார். மிதவையின் பணி, வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் மிதவைக் குழாயின் பணியே. பெட்ரோல் குறிப்பிட்ட மட்டத்தை எட்டியதும் மிதவை உயர்ந்து, ஊசி போன்ற வால்வு ஒன்றைத் தள்ளி வழியை அடைத்துவிடும். பெட்ரோல் வெளியேறும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகிற்கு ஜெட் என்று பெயர். காற்றுக் குழாயின் வாயிலில் உள்ள தகடு சோக் எனப்படும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது அதனை மூடினால் காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகும். சில வகைகளில் தகட்டிற்கு மாறாக, தொடக்கப் பெட்ரோலுக்கென்றே தனி வழி அமைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலுள்ள மற்றொரு தகடு, ஓட்டுநர் மிதிக்கும் ஆக்சிலரேட்டருக்கு அடங்கித் திறந்து மூடும்.

கார்புரேட்டரைச் செப்பனிட முற்படுகின்றவர் முதலில் செய்யத்தக்கது, அதனைத் தொடாதிருப்பதே. இது விளையாட்டுச் சொல் அன்று. வண்டி இழுக்கவில்லை, புகைகிறது, நின்று நின்று போகிறது என்றவுடன் கார்புரேட்டரைக் கழற்றிவிடுவது பலரது வழக்கம். அதன்மேல் சுமத்தப்படும் பழிகளில் பல, வேறிடத்துக்கு உரியவை. காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருந்தால், சோக்கை மூடியது போன்ற விளைவே ஏற்படும். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்டின் இடைவெளி மாறியிருந்தால், பொறி பிறக்கும் நேரம் தவறும். பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்திருந்தால், ஊட்டமே குறையும். இவற்றையெல்லாம் பார்த்து முடித்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையை நோக்க வேண்டும். மருத்துவர் நோயாளியின் நாக்கைப் பார்ப்பதற்கு நிகரானது இது. முனை மங்கிய பழுப்பு நிறமாயிருப்பின் கலவை செம்மையாக உள்ளது. கரும்புகை படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி. வெளுத்துச் சுண்ணாம்பு பூசியது போலிருப்பின் பெட்ரோல் குறைவு. நல்ல மெக்கானிக்குகள் இதைப் பார்க்காமல் திருப்புளியைக் கையில் எடுப்பதில்லை.

கழற்றுவது என்று முடிவானால், எஞ்சின் குளிர்ந்த பின், காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், பாட்டரியின் இணைப்பை நீக்கிவிட்டே அவ்வேலையைச் செய்ய வேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து சென்று, தொலைவிலுள்ள அடுப்பையோ அணையாத பீடியையோ எட்டித் தீப்பற்றக் கூடியது. பெட்ரோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுப்பதும், எஞ்சினைக் கிளப்பிக்கொண்டே கார்புரேட்டரின் வாயில் பெட்ரோலை ஊற்றுவதும் சில பட்டறைகளில் காணப்படும் பழக்கங்கள். இரண்டும் உயிருக்கு உலை வைப்பவை. நாடெங்கும் ஈயம் கலவாத பெட்ரோலே வழங்கப்பெறுவது 2000-ஆம் ஆண்டு முதற்கொண்டுதான். அதற்கு முன் வாயால் உறிஞ்சியவர்கள் ஈயத்தையும் சேர்த்தே அருந்தினர்.

மிதவை அறையின் மூடியைத் திறந்தால், அந்த வண்டியின் வரலாறே அங்குப் படிந்திருக்கும். செந்நிறத் தூள் இருந்தால், பெட்ரோல் தொட்டி உள்ளே துருப்பிடித்திருக்கிறது என்பது பொருள். பிசின் போன்ற மஞ்சட் படலம், வண்டி பல மாதங்கள் ஓடாமல் நின்றதைக் காட்டும். அடியில் முத்துப்போல் உருளும் துளிகள் நீர்த்துளிகள். வெண்மையான பொடி காணப்பட்டால், துத்தநாகக் கலவையாலான அறையின் சுவரை ஈரம் அரித்துவருகிறது என்று கொள்ளலாம். கடற்கரை நகரமான சென்னையில் இது புதுமையன்று. மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே நீர்மம் அலம்பும் ஓசை கேட்டால் அதில் ஓட்டை உண்டு. பித்தளை மிதவையாயின், வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழிகள் கிளம்பிவரும். உள்ளிருக்கும் பெட்ரோலை ஒரு துளியும் எஞ்சாமல் போக்கிய பின்னரே அதைப் பற்றவைக்கலாம். பற்றவைக்கும் ஈயமும் அளவாக இருக்க வேண்டும். ஈயம் மிகுந்தால் மிதவை கனக்கும். கனத்த மிதவை தாழ்ந்து மிதக்கும். தாழ்ந்து மிதந்தால் வால்வு காலங்கடந்தே மூடும். பெட்ரோலின் மட்டம் உயர்ந்து கலவை கெடும். ஒரு துளி ஈயம் எஞ்சினின் உணவையே மாற்றிவிடுகிறது.

ஊசி வால்வின் கூம்பில் தேய்மானம் ஒரு வளையமாகத் தெரிந்தால், அது இனிப் பெட்ரோலைச் சரிவரத் தடுக்காது. ஊசியை மட்டும் மாற்றினால் போதாது. அது அமரும் இருக்கையும் உடன் தேய்ந்திருக்குமாதலால் இரண்டையும் இணையாகவே மாற்ற வேண்டும். பழைய வண்டிகளின் உதிரிப் பாகங்களுக்குச் சென்னையில் பேர்பெற்ற இடம் புதுப்பேட்டை. ஆனால் அங்குக் கிடைக்கும் பழைய ஜெட் ஒன்றை, பார்வைக்குப் பொருந்துகிறது என்பதற்காக வாங்கிவிடுதல் கூடாது. ஏனெனில், ஜெட்டுக்கு அதன் திருகு உடல், துளையே உயிர்.

அத்துளையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். அம்பாசிடர், பத்மினி முதலிய வண்டிகளில் பெரிதும் வழங்கிய சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டரில், ஒவ்வொரு ஜெட்டின் தலையிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 120 என்று இருந்தால், துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் 120 பங்கு, அதாவது 1.20 மில்லிமீட்டர். ஜெட்டில் அழுக்கு அடைத்துக்கொண்டால், கையில் கிடைத்த செப்புக் கம்பியையோ குண்டூசியையோ விட்டுக் குத்துவது அவசரக்காரரின் வழக்கம். கம்பி துளையின் சுவரைத் தேய்த்து, விட்டத்தை 1.25 மில்லிமீட்டராக்கிவிட்டது என்று கொள்வோம். கூடியது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் பெட்ரோல் செல்வது துளையின் பரப்பைப் பொறுத்தது; பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.25-ஐ 1.20-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.085 கிடைக்கும். ஆகவே பெட்ரோல் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. தலையில் உள்ள எண் மட்டும் மாறாமல் 120 என்றே பொய் சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்துப் பார்ப்பவர் அதை நம்பிக் குழம்புவார். பெட்ரோலிலோ அதற்கென உள்ள கழுவுநீர்மத்திலோ ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதே முறை. காற்றடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணிதல் வேண்டும்.

மீண்டும் பூட்டும்போது பழைய காஸ்கெட்டைப் பயன்படுத்தலாகாது. எஞ்சினோடு இணையும் விளிம்பில் மயிரிழை இடைவெளி இருப்பினும், அளக்கப்படாத காற்று அவ்வழியே நுழையும். கசிவை அடைக்க வேண்டுமென்று நட்டுகளை மிகையாக முடுக்கினால் விளிம்பு வளைந்து கசிவு பெருகும். இருபுறமும் மாறி மாறி, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஆக்சிலரேட்டருக்கு அடங்கும் தகட்டின் அச்சு தேய்ந்து ஆடினாலும் இதே கேடு நேரும். அதற்கு லேத் பட்டறையில் புஷ் கடைந்து பொருத்துவதே தீர்வு.

எஸ். யூ. என்னும் ஆங்கிலேய வகை, சோலெக்ஸிலிருந்து வேறுபட்டது. தொடக்க கால அம்பாசிடர்களில் இவ்வகை இருந்தது. ஸ்கின்னர் என்னும் குடும்பத்தார் இதனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினர். அவர்கள் காலணி வணிகக் குடும்பத்தினர். முதலில் செய்த கார்புரேட்டரின் துருத்தியையும் தோலாலேயே செய்தனர்! பின்னர்த் தோல் துருத்தி நீங்கி உலோகப் பிஸ்டன் வந்தது. காற்று மிகுந்து செல்லுங்கால் பிஸ்டன் தானே உயரும். அதன் அடியில் உள்ள கூரிய ஊசியும் ஜெட்டினின்று மேலெழுந்து வழியை அகலமாக்கும். இதனைப் பேணுவோர் பிஸ்டனை உயர்த்திக் கைவிட்டுப் பார்ப்பர். அது தடையின்றி விழுந்து 'டக்' என்று ஒலிக்க வேண்டும். தயங்கினால் அழுக்கோ வளைந்த ஊசியோ காரணம். உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது பெருந்தவறு. பிஸ்டனும் அதன் கூடும் ஒன்றுக்கொன்று அளந்து இணைக்கப்பட்டவை. எஞ்சின் சூடாக ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக மெல்ல உயர்த்துவது இன்னொரு சோதனை. ஓட்டம் விரைந்து அவ்வாறே நிலைத்தால் பெட்ரோல் மிகுதி. உடனே தளர்ந்து நின்றுபோனால் குறைவு. கணப்பொழுது விரைந்து பின் அமைந்தால் கலவை சரி. கருவியே தன் குறையைக் கூறுமாறு அமைந்தது இவ்வகையின் சிறப்பு.

சோலெக்ஸில் அவ்வசதி இல்லை, செவியே துணை. எஞ்சின் நன்கு சூடேறிய பின், தகட்டின் திருகினால் வேகத்தைச் சற்றே உயர்த்திக்கொள்ள வேண்டும். பிறகு கலவைத் திருகை வெளிப்புறம் திருப்பினால், பெட்ரோல் மிகுந்து எஞ்சின் ஏறி இறங்கித் தள்ளாடும். உட்புறம் மெல்லத் திருப்பி, தள்ளாட்டம் நீங்கிச் சீராகும் இடத்தில் நிறுத்த வேண்டும். முற்றும் உட்செல்லும்படி இறுக்கினால் திருகின் கூர்முனை பள்ளமாகிவிடும்.

இந்தச் செப்பம் தியாகராய நகரில் ஓடும் பழைய வண்டிக்குப் பெரிதும் இன்றியமையாதது. பண்டிகை நாளில் உசுமான் சாலையில் அகப்பட்ட கார், ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே மிகுதி. நின்றபடி ஓடும் எஞ்சினுக்குப் பெட்ரோல் தருவது பெரிய ஜெட் அன்று. பைலட் என்னும் சிறிய ஜெட். பல வண்டிகளில் அதன் துளை அரை மில்லிமீட்டர் அளவினதே. ஆதலால் முதலில் அடைபடுவதும் அதுவே. நெடுஞ்சாலையில் குறையின்றி விரைந்துவந்த வண்டி பனகல் பூங்கா அருகே விளக்குக்காக நின்றதும் அணைந்துபோகிறதென்றால், ஐயம் முதலில் பைலட் ஜெட்டின்மேல் செல்ல வேண்டும். கத்தரி வெயிற்காலமாயின் மற்றொரு காரணமும் உண்டு. குழாயிலுள்ள பெட்ரோல் எஞ்சினின் வெப்பத்தால் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். அந்நாளைய ஓட்டுநர்கள் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத் துணியைப் போர்த்திச் சிறிது நேரம் காத்திருப்பர். அம்மருந்து இன்றும் பலிக்கிறது.

இதுகாறும் கூறியவை, கருவியின் பழைய அளவை மாறாமல் காக்கும் முறைகள். இப்போது பெட்ரோலே மாறிவிட்டது. 2022-ஆம் ஆண்டில் இந்தியப் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயம் நூற்றுக்குப் பத்துப் பங்கு கலக்கும் நிலை எய்தப்பெற்றது. நூற்றுக்கு இருபது பங்கு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவிற்று. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜன் உடையது. ஆதலால் எரிவதற்கு அதற்குக் காற்று குறைவாகவே போதும். ஒரு பங்கு எத்தனாலுக்கு ஒன்பது பங்கு காற்று தேவை. இருபது பங்கு கலந்த பெட்ரோலுக்குக் கணக்கிட்டால், 15-க்குச் சற்றுக் குறைவாக இருந்த அளவு, பதின்மூன்றரையாக இறங்குகிறது. அதாவது, அதே காற்றுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடுதலாகப் பெட்ரோல் ஊட்ட வேண்டும். மின்னணு அமைப்புடைய புதிய கார், புகைக்குழாயிலுள்ள உணர்கருவியின் உதவியால் இதைத் தானே திருத்திக்கொள்கிறது. பழைய கார்புரேட்டர் அறியாது. 1960-களின் அளவையே ஊட்டிக்கொண்டிருக்கும். அதனால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும்.

எத்தனாலின் வேறு குணங்களும் பழைய வண்டிக்கு ஒவ்வாதவை. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்வது. பழைய வகை ரப்பர்க் குழாயையும் சவ்வையும் உப்பச் செய்வது. தொட்டியில் பல ஆண்டுகளாகப் படிந்த பிசினைக் கரைத்து ஜெட்டை நோக்கி அனுப்புவது. எனவே எத்தனாலைத் தாங்கும் ரப்பரால் ஆன குழாய்களையும் சவ்வையும் மாற்றுதல் முதல் வேலை. வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாயின், பெட்ரோல் குழாயை அடைத்து, மிதவை அறை வறளும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துதல் நன்று.

ஜெட்டை மாற்றும் வேலை கடைசியில் வருவது. முன்னர்ச் செய்த கணக்கு இங்குக் கைகொடுக்கிறது. 120 எண்ணுள்ள ஜெட்டுக்கு மாற்றாக 125 எண்ணுள்ளதை இட்டால், பரப்பு நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடும். வேண்டிய அளவும் அதுவே. அவசரக்காரரின் கம்பி அறியாமல் செய்த அதே மாற்றத்தை, இங்கு அளவறிந்து, எண் பொறித்த புதிய ஜெட்டால் செய்கின்றனர். அதன்பின் சில நாள் ஓட்டி, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்து, தேவையானால் மீண்டும் திருத்துகின்றனர். எண்ணையும் மாற்றிய நாளையும் வண்டியின் குறிப்பேட்டில் எழுதிவைத்து, கழற்றிய 120-ஐ ஒரு தாளில் மடித்துக் கருவிப் பெட்டியிலேயே போட்டு வைக்கின்றனர். பெட்ரோல் இன்னொரு முறை மாறினால் அது தேவைப்படலாம்.